பில்ட் சர்வரின் எஸ்எஸ்எச் சாவி முன்னறிவிப்பின்றி மறுக்கப்பட்டது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஆறு ஆண்டுகளாகத் தங்கள் நிறுவனத்துக்குச் சந்தா செலுத்தி எங்கள் நிரல் களஞ்சியங்களைத் தங்களிடம் வைத்திருக்கிறோம். கடந்த திங்கட்கிழமை காலை எங்கள் பில்ட் சர்வர் (நிரலை மென்பொருளாகத் தொகுக்கும் கணினி) நிரலை எடுக்க முயன்றபோது, 'பெர்மிஷன் டினைட், பப்ளிக் கீ' (அனுமதி மறுப்பு) என்ற ஒற்றை வரியோடு இணைப்பு துண்டிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை மாலை வரை அதே சர்வரும், கடவுச்சொல்லுக்குப் பதிலாக அதை அடையாளம் காட்டும் அதே எஸ்எஸ்எச் சாவியும் ஒரு தடங்கலும் இன்றி இயங்கின.

தங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதினோம். சாவியை நீக்கிவிட்டு மறுபடியும் சேர்க்கச் சொன்னார்கள்; சேர்த்தோம். சாவிக் கோப்பின் அனுமதி 600 ஆக (உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் கூடியதாக) இருக்க வேண்டும் என்றார்கள், அப்படியேதான் இருந்தது. 4096 பிட் அளவில் ஆர்எஸ்ஏ வகையில் புதிய சாவி உருவாக்கச் சொன்னார்கள், அதுவும் மறுக்கப்பட்டது. சாவியின் ஃபிங்கர்பிரிண்டை (அதை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீட்டை) ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னபோது அதற்கும் உடனே வழியில்லை. எங்கள் சர்வரில் உள்ள உபுண்டு 14.04 இயங்குதளத்துடன் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 6.6 என்ற இணைப்பு மென்பொருள் அதை எம்டி5 முறையில் 16 ஜோடி எழுத்துகளாகக் காட்டுகிறது. தங்கள் பக்கமோ ஷா-256 முறையில் மட்டுமே காட்டுகிறது.

புதன்கிழமை இரவு எங்கள் பொறியாளர் ஒருவர் அதே சாவியைத் தம் புதிய மடிக்கணினியில் வைத்துச் சோதித்தார். முதல் முயற்சியிலேயே இணைப்பு கிடைத்தது, ஃபிங்கர்பிரிண்டும் பொருந்தியது. சாவியில் குறையில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இணைப்பின்போது அடையாளத்தை நிரூபிக்க ஆர்எஸ்ஏ சாவியால் இடப்படும் பழைய ஷா-1 முறைக் கையொப்பத்தைத் தாங்கள் ஏற்பதை நிறுத்தியிருக்கிறீர்கள். ஆர்எஸ்ஏ சாவிக்கு அதனினும் புதிய ஷா-2 கையொப்பம் ஓபன்எஸ்எஸ்எச் 7.2 பதிப்பில்தான் வந்தது என்பதால், எங்கள் சர்வரில் எத்தனை ஆர்எஸ்ஏ சாவி உருவாக்கினாலும் பலனிருந்திருக்காது. அங்கேயே ஷா-1 தேவைப்படாத வேறு வகையான எட்25519 சாவியை உருவாக்கிச் சேர்த்ததும் பில்ட் ஓடியது. செவ்வாயன்று ஒப்படைத்திருக்க வேண்டிய சம்பளக் கணக்கு மென்பொருளின் திருத்தம், மாதக் கடைசி நெருக்கடியில் வாடிக்கையாளரைக் காத்திருக்க வைத்து, வியாழக்கிழமைதான் போய்ச் சேர்ந்தது.

ஷா-1 கைவிடப்பட வேண்டியதுதான். பழைய இயங்குதளத்தை இத்தனை நாள் மாற்றாமல் வைத்திருந்தது எங்கள் தவறு என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இதே மாற்றத்தை, நிரல் களஞ்சியச் சேவையான கிட்ஹப் 2021 செப்டம்பரிலேயே அறிவித்து, 2022 மார்ச்சில்தான் நிரந்தரமாக்கியது. முன்பே பதிவான ஆர்எஸ்ஏ சாவிகளுக்கு விலக்கும் அளித்தது. தங்களிடமிருந்து எங்களுக்கு ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. எந்தக் கையொப்ப முறை மறுக்கப்பட்டது என்பதைத் தங்கள் சர்வர் பதிவேட்டில் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அதைத் திறந்து பாராமல் மூன்று நாள் எங்களைச் சாவி மாற்ற வைத்ததுதான் எங்களுக்குப் பெரும் வருத்தம்.

எனவே, மறுப்புக்கான காரணத்தைப் பிழைச் செய்தியிலேயே தெரிவிக்கவும், இத்தகைய மாற்றங்களைக் கணக்கு நிர்வாகிகளுக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் அறிவிக்கவும், அந்த மூன்று நாள் சந்தாவைத் திருப்பித் தரவும் கேட்டுக்கொள்கிறோம். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் அளிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பில்ட் சர்வர் பொறுப்பாளர்