லோன் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பாப்பாவை லோன் போட்டாவது அந்தத் தனியார் பள்ளியில் சேர்க்கலாமா, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அரசுப் பள்ளியே போதுமா என்று கேட்டாய். "ரெண்டு இடத்திலயும் பாடம் எடுத்தவ நீ, நீ சொன்னா சரி" என்றாய். அந்த நம்பிக்கைதான் என்னைத் தூங்கவிடவில்லை. உன்னைப் போலக் குழம்பிக்கொண்டிருக்கும் இன்னும் நாலு பேருக்கும் உதவட்டும் என்று எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

தனியார் பள்ளியில் ஒன்பது வருடம் இருந்தேன். அட்மிஷன் நாளில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவோம். ஐந்து வயதுக் குழந்தையிடம் நிறம் கேட்போம், எண் கேட்போம். படிவத்தில் பெரிய கட்டம் மட்டும் அப்பா அம்மாவின் படிப்புக்கும் வேலைக்கும். ஒரு பையன் ஷூவின் ஸ்ட்ராப்பைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாகவே இருந்தான். எந்தக் கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான். அதே பள்ளி வாசலில் வருடாவருடம் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டுவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஸ்ட்ராப் சத்தம்தான் எனக்கு ஞாபகம் வரும். வாசலிலேயே சலித்துவிட்டு, சலிப்பில் நின்ற பிள்ளைகளின் மார்க்கைப் பள்ளியின் சாதனையாகக் காட்டினால் எப்படி?

இதைப் பலர் ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பியான்டாவும் அன்சாரியும், பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட 1,097 பிள்ளைகள் 15 வயதில் எப்படி இருக்கிறார்கள் என்று 2018-இல் எழுதினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் தனியார் பள்ளியில் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். குடும்ப வருமானத்தைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் கரைந்துபோனது. அதே 2018-இல், பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு நடந்த பீசா (PISA) தேர்விலும் கதை இதுதான். வளர்ந்த நாடுகளின் சராசரியில், வாசிப்பில் தனியார் பள்ளி மாணவர்கள் மேலே இருந்தார்கள். குடும்பப் பின்னணியைச் சமமாக்கிப் பார்த்தபோது அரசுப் பள்ளி மாணவர்கள் மேலே வந்தார்கள்.

ஆந்திராவில் நடந்த ஒரு சோதனை எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுகிறது. முரளிதரன், சுந்தரராமன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் செய்தது, 2015-இல் வெளிவந்தது. 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் பெயர் வந்த குழந்தைகளுக்குக் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படிக்க வைத்தார்கள். குலுக்கல் என்பதால் 'அக்கறையுள்ள பெற்றோர்' என்கிற விஷயம் குறுக்கே வராது. நாலு வருடம் கழித்துப் பார்த்தால் தெலுங்கிலும் கணக்கிலும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள், அங்கே அதற்கென்று பீரியடு இருந்தது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு, அரசு செய்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குறைந்த செலவில் அதே படிப்பைக் கொடுத்தது அந்தப் பள்ளிகளுக்குப் பெருமைதான். உன் கணக்கு வேறு, தம்பி. நீ கட்டப்போவது உன் சம்பளத்திலிருந்து.

சரி, காசு கொடுத்தால் எதுவுமே கிடைக்காதா என்று கேட்பாய். கிடைக்கும். சின்ன வகுப்புகளில் தலை எண்ணிக்கை குறைவாக இருந்தால் அது உண்மையான லாபம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கி நாலு வருடம், சில வகுப்புகளில் 13 முதல் 17 பிள்ளைகளும் மற்றவற்றில் 22 முதல் 25 பிள்ளைகளுமாகப் பிரித்து நடத்திப் பார்த்தார்கள். தலை எண்ணிக்கை குறைவான வகுப்பில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் படித்தார்கள். ஆகவே ஏசி, நீச்சல் குளம், ஸ்மார்ட் போர்டு எதையும் பார்க்காதே. முதல் வகுப்பு வாசலில் நின்று தலையை எண்ணு.

அப்புறம் நோட்டைப் பார். ஒருமுறை இரண்டாம் வகுப்புக் கணக்கு நோட்டு இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 43-இல் 17 போக எவ்வளவு என்பது கணக்கு. இரண்டு பிள்ளைகளுமே 34 என்று எழுதியிருந்தார்கள். 3-இல் 7 போகாது என்றதும் திருப்பிப் போட்டுக் கழித்துவிடுகிற, அந்த வயதுக்கே உரிய தப்பு. ஒரு நோட்டில் 34-க்கு மேலேயே சிவப்பு மையில் டிக், கீழே அழகான கையெழுத்து. இன்னொன்றில் டீச்சர் ஓரமாக பத்துப் பத்துக் குச்சியாக நாலு கட்டும் மூன்று தனிக் குச்சியும் வரைந்து, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டியிருந்தார். அதற்குக் கீழே குழந்தை தானாகவே அழித்து 26 என்று எழுதியிருந்தது. இரண்டும் ஒரே தனியார் பள்ளி. ஏ பிரிவும் பி பிரிவும், கட்டணத்தில் ஒரு பைசா வித்தியாசம் கிடையாது. இப்போது நான் இருக்கிற அரசுப் பள்ளியிலும் இந்த இரண்டு விதமான நோட்டும் இருக்கின்றன.

கட்டணத்தை நீ ஒரு வருடத்துக்குத்தான் பார்த்திருக்கிறாய். வருடம் 10 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள். முதல் வகுப்பில் 100 என்றால் பன்னிரண்டாம் வகுப்பில் 285. பன்னிரண்டு வருடத்துக்கும் கூட்டினால் முதல் வருடக் கட்டணத்தைப் போல 21 மடங்குக்கு மேல். வேன், யூனிஃபார்ம், ஆண்டு விழா எதுவும் இதில் சேரவில்லை. ரெண்டாவது குழந்தையும் சேரவில்லை.

நான் பயப்படுவது இந்தத் தொகைக்குக்கூட இல்லை. லோனை அடைக்க சனி, ஞாயிறும் வேலைக்குப் போவேன் என்றாயே, அதற்குத்தான். ராத்திரி சாப்பிட்டதும் பாப்பா உன் மடியில் படுத்துக்கொண்டு, படப் புத்தகத்தில் யானையின் வாலை விரலால் தொட்டு "இது ஏன் குட்டியா இருக்கு?" என்று கேட்பாள். நீ ஏதாவது சொல்வாய். அவள் அடுத்த கேள்வி கேட்பாள். அந்த ஆராய்ச்சிக்காரர்கள் 'குடும்பப் பின்னணி' என்று ஒரு வார்த்தையில் அடக்கிவிடுவதற்குள் இதுவும் இருக்கிறது என்பேன் நான். நல்ல மார்க் எடுக்கிற பிள்ளைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்த மாதிரி ராத்திரிகள். அதை விற்றுக் கட்டணம் கட்டினால், எது உன் பிள்ளையைப் படிக்க வைக்கிறதோ அதையே கொடுத்துவிட்டு வெறும் கட்டடத்தை வாங்குகிறாய்.

வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்துப் பள்ளியில் ஒரே டீச்சர் மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார் என்றால், கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்றால், குழந்தைக்குத் தேவைப்படுகிற தனிக் கவனம் அங்கே கிடைக்காது என்றால், தனியாருக்குப் போ. நானே அனுப்பச் சொல்வேன். கடன் வாங்காமல், வீட்டில் மூச்சு முட்டாமல் கட்ட முடிகிற பள்ளியாகப் பார்.

அடுத்த வாரம் நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன். இரண்டு பள்ளிக்கும் சேர்ந்தே போவோம். முதல் வகுப்பு டீச்சர் யார், எத்தனை வருடமாக இருக்கிறார், போன வருடம் எத்தனை டீச்சர்கள் விலகினார்கள் என்று கேட்போம். நோட்டுகளைக் காட்டச் சொல்வோம். அதுவரைக்கும் அந்தப் படிவம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா