கிண்டிக்கு என்னை அனுப்பி வைத்தவர்களுக்கு

அன்புள்ள கணக்கு சாருக்கும், வேதியியல் டீச்சருக்கும், எதிர்வீட்டு அக்காவுக்கும், தலைமையாசிரியர் அம்மாவுக்கும், ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும் வணக்கம்.

சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் சீட் கிடைத்த அன்றே இந்த மடலை எழுதியிருக்கலாம். அன்றைக்கு எழுதியிருந்தால் சீட் வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி என்றுதான் எழுதியிருப்பேன். போன வாரம் முதல் செமஸ்டர் முடிவு வந்தது. எல்லாத் தாளிலும் தேறிவிட்டேன், கணிதத்தில் ஏ பிளஸ். நீங்கள் எனக்குச் செய்தது என்ன என்பது இப்போதுதான் முழுசாகப் புரிகிறது. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சார், முதலில் உங்களிடம் வருகிறேன். பொறியியல் கலந்தாய்வுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்தான் கணக்கு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட் ஆஃப் போடுவார்கள். பிளஸ் ஒன் மதிப்பெண் அதில் சேராது. அதனால் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, பிளஸ் டூ புத்தகத்தை முன்கூட்டியே ஆரம்பித்துவிடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வேறு ஊரில் படித்த என் மாமா மகள், அக்டோபரிலேயே பிளஸ் டூ புத்தகத்தின் அணிகள் பாடம் முடித்துவிட்டதாகப் போனில் சொன்னாள். நாங்கள் அப்போது முக்கோணவியலில் நின்றுகொண்டிருந்தோம். பின்தங்கிப் போகிறோமே என்று எனக்கு அழுகையாக வந்தது. உங்களிடமே கேட்டும் விட்டேன். "இதை விட்டுட்டு அங்க போனா, அங்க போயி இதைத் தேடுவே" என்றீர்கள். சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரை, பஸ்ஸை விட்டுவிட்டு, எங்களோடு உட்கார்ந்தீர்கள். எட்டாம் வகுப்புப் பின்னங்களிலிருந்து ஆரம்பித்தீர்கள்.

பிளஸ் டூவில் வகை நுண்கணிதப் பயன்பாடு பாடத்தில் ஏணிக் கணக்கு வந்த நாளை நான் மறக்க மாட்டேன். 17 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அடியை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் சுவரை விட்டு இழுக்கிறோம். அடி 8 மீட்டர் தள்ளி இருக்கும்போது உச்சி எவ்வளவு வேகமாக இறங்கும்? நான் மளமளவென்று போட்டு நொடிக்கு 8/3 மீட்டர் என்று விடை எழுதிவிட்டேன். நீங்கள் நோட்டைப் பார்க்கவே இல்லை. கதவு மூலையில் கிடந்த மூங்கில் கம்பை எடுத்துச் சுவரில் சாய்த்து, அடியை ஒரே சீராக இழுக்கச் சொன்னீர்கள். உச்சி முதலில் மெல்ல இறங்கியது, போகப் போக வேகம் கூடியது, கடைசியில் படாரென்று விழுந்தது. "நீ ஒரே மாதிரிதானே இழுத்தே, அது ஏன் ஒரே மாதிரி இறங்கலே?" என்று கேட்டீர்கள். உச்சியின் வேகத்துக்கான பின்னத்தில் உயரம் கீழே, பகுதியில் வருகிறது, உயரம் குறையக் குறைய வேகம் ஏறுகிறது என்று நானே சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரி அப்பாவிடம் அதைச் சொன்னேன். அப்பா கொத்தனார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அடி நழுவ ஆரம்பிச்சா அப்புறம் யாராலயும் பிடிக்க முடியாதுத்தா. அதனாலதான் முதல்லயே கல்லை முட்டுக் குடுக்கிறோம்" என்றார். நான் நோட்டில் போட்ட கணக்கும் அப்பா சாரத்தில் நிற்கிற பயமும் ஒன்றுதான் என்று அந்த நிமிடம் தெரிந்தது. சிவில் இன்ஜினியரிங் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான். அதுவரை எல்லாரும் சொன்னதைப் போல நானும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மதிப்பெண் கேள்விகளையும் இங்கே சொல்ல வேண்டும் சார். கணிதத்தில் அவை 20. புத்தகத்தின் பின்னால் இருக்கும் கேள்விக்கு 'மூணாவது ஆப்ஷன்' என்று விடையின் இடத்தையே மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். நீங்கள் நான்கு விடைகளையும் அட்டையால் மறைத்துவிட்டுக் கேட்டீர்கள். முதல் நாள் 20-க்கு 6 எடுத்தேன். பொதுத்தேர்வில் ஒன்றே ஒன்றுதான் தவறியது.

எதிர்வீட்டு அக்கா, எங்களுக்கு அரையாண்டுத் தேர்வு வரைக்கும் இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லை. அரசு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டே, சனி ஞாயிறு இரண்டு நாளும் எனக்கும் என் தோழிகள் மூன்று பேருக்கும் உங்கள் வீட்டுத் திண்ணையில் பாடம் எடுத்தீர்கள். ஒரு ரூபாய் வாங்கவில்லை. வீட்ஸ்டோன் சமனச்சுற்றை வரையச் சொல்லி, ஒவ்வொரு சந்தியிலும் மின்னோட்டம் எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்று விரலை வைத்துச் சொல்ல வைப்பீர்கள். விரல் தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து.

உங்களிடம் கற்ற இன்னொன்றுதான் இங்கே என்னைக் காப்பாற்றியது. பாடப்புத்தகத்தின் கடைசியில் இருக்கும் கலைச்சொல் பட்டியலை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் அதை ஒரு நாளைக்குப் பத்துச் சொல் என்று எழுத வைத்தீர்கள். மின்தேக்கி, கெபாசிட்டர். திசைவேகம், வெலாசிட்டி. தொகையீடு, இன்டக்ரேஷன். தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே முதல் வாரம் வகுப்பில் உட்கார்ந்தபோது ஆங்கிலம் பாதிதான் காதில் ஏறியது. ஆனால் கரும்பலகையில் விழுந்த ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த பொருளாக இருந்தது. சமன்பாடு எந்த மொழியிலும் ஒன்றுதானே. அந்தப் பட்டியல் எழுதிய நாற்பது பக்க நோட்டு இப்போது என் விடுதி அறையில் இருக்கிறது. அரியலூரிலிருந்து வந்த இன்னொரு பெண்ணும் அதைத்தான் படித்தாள்.

வேதியியல் டீச்சர், கரிம வேதியியல் வினைகளைப் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வகுப்புச் சுவர் முழுக்க ஒட்டினீர்கள். 100-க்கு 94 வந்தது அந்தச் சுவரால்தான். காய்ச்சலில் ஒரு வாரம் நான் வராதபோது, அந்தத் தாள்களைப் பிரித்து என் வீட்டுக்கே கொண்டுவந்தீர்களே டீச்சர். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்.

தேர்வு முடிவு வந்ததும் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தார்கள். ஒரு தனியார் கல்லூரியிலிருந்து வந்தவர்கள், இப்போதே ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்தால் கட்டணத்தில் பாதியைத் தள்ளுகிறோம் என்று அம்மாவிடம் பேசினார்கள். அம்மா பெட்டியைத் திறந்துவிட்டார். நல்லவேளை, நான் உங்களுக்குப் போன் செய்தேன், தலைமையாசிரியர் அம்மா. "யாரிடமும் கொடுக்காதே, நாளைக்குக் காலையில் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு வா" என்றீர்கள். 2021-ல் வந்த சட்டப்படி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலிலும் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது, ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும், கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும் என்று அம்மாவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னீர்கள். சான்றிதழில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள்.

ஜெராக்ஸ் கடை அண்ணா, விண்ணப்பம் போட்ட நாளிலும் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசையாகப் பதிகிற சாய்ஸ் ஃபில்லிங் செய்த இரண்டு ராத்திரிகளிலும் கடையைச் சாத்தாமல் இருந்தீர்கள். பக்கத்தில் இருக்கிற கல்லூரியையே முதலில் போட்டுவிடலாம், அதுதான் நிச்சயம் என்று நான் பயந்தேன். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், எது ரொம்பப் பிடிக்குமோ அது மேலே இருக்கட்டும், மேலே போட்டதால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது என்று தாளில் எழுதிக் காட்டினீர்கள். என் கட் ஆஃப் 189.5. கிண்டி சிவில் முதல் வரியில் இருந்தது. அதுவே கிடைத்தது.

சேர்க்கை நாளில் அப்பாவும் வந்தார். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி இது என்று நான் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் அந்தச் சிவப்புக் கட்டடத்தின் வளைவுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம், "ஒரு இடத்துல கூட மட்டம் தப்பலே" என்றார்.

முதல் செமஸ்டர் கணிதத்தில் அணிகளும் நுண்கணிதமும்தான். பிளஸ் ஒன்னில் தொகையீட்டைச் சரியாகப் படிக்காமல் வந்தவர்கள், என்னைவிட நிறைய கட் ஆஃப் எடுத்தவர்கள்கூட, இங்கே திணறுகிறார்கள். ராத்திரி விடுதியில் அவர்களோடு உட்கார்ந்து அந்தப் பழைய பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் அன்றைக்குச் சொன்னது அப்படியே நடக்கிறது சார்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்குகிறது. வருகிற சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன். ஒரு மதிப்பெண் அட்டையை என்னிடம் கொடுங்கள், நான் கேட்கிறேன். நீங்கள் அன்றைக்காவது நாலரை மணி பஸ்ஸைப் பிடியுங்கள் சார். அந்த மூங்கில் கம்பு இன்னும் கதவு மூலையில் இருக்கிறதா? இல்லையென்றால் சொல்லுங்கள், அப்பாவிடம் கேட்டு ஒன்று எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி