‘ஒண்ணும் ஆகாதுங்க’ என்று சொல்வதற்கு முன்பு

சேலத்திலும் ஏற்காட்டிலும் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் மாஸ்டர்களுக்கும், கேட்டரிங் நடத்துபவர்களுக்கும், பந்தியில் பரிமாறும் தம்பிகளுக்கும்,

வணக்கம். நான் அம்மாபேட்டைக்காரி. உங்கள் தொழிலில் உங்களுக்குப் பாடம் எடுக்கும் தகுதி எனக்குக் கிடையாது. வீட்டில் நாலு பேருக்குச் சமைத்தாலே எனக்கு ஒரு நாள் உப்பு கூடும், மறுநாள் குறையும். நீங்கள் விடிகாலையில் அடுப்பு மூட்டி, முகூர்த்தம் முடிவதற்குள் ஆயிரம் பேருக்கு இலை போடுகிறவர்கள். ஆனாலும் ஒரு விஷயத்தை உங்களிடம்தான் சொல்ல முடியும், ஏனென்றால் சாம்பாரில் என்ன போட்டீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஓர் ஆவணி முகூர்த்தம். எங்கள் சொந்தத்தில் கல்யாணம், சேலத்திலேயே ஒரு மண்டபம். என் தங்கை மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுக்கு சீலியாக் என்கிற நோய் இருக்கிறது. கோதுமையில் குளுட்டன் என்று ஒரு புரதம் உண்டு. அது உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்க ஆரம்பித்துவிடும். கொஞ்சம் போனாலே போதும். இதற்கு மாத்திரை இல்லை. கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்க ஒதுக்குவதுதான் வைத்தியம்.

அன்றைக்கும் ஒதுக்கினோம். பூரி வேண்டாம், கேசரி வேண்டாம், பாயசம் வேண்டாம். சோறு, சாம்பார், ரசம், கூட்டு போதும் என்று உட்கார வைத்தோம். தங்கை ஒரு வார்த்தை கேட்டும் பார்த்தாள். வாளியோடு நின்ற தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்: “சாம்பார்ல யாராச்சும் கோதுமை போடுவாங்களாக்கா? ஒண்ணும் ஆகாதுங்க, பாப்பா சாப்பிடட்டும்.” நாங்களும் சிரித்தோம். நியாயமான பேச்சுதானே.

அன்று ராத்திரியே வயிற்றுவலி, வாந்தி, பேதி. மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “பெருங்காயம் போட்டிருந்தாங்களா?”

பெருங்காயப் பிசின் நம் ஊரில் விளைவதில்லை. ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வருகிறது. அதை அப்படியே போட்டால் காட்டம் தாங்காது. அதனால் மாவும் வேறு பிசினும் கலந்து மட்டுப்படுத்தித்தான் கூட்டுப் பெருங்காயம் என்று விற்கிறார்கள். கட்டியோ தூளோ, நாம் வாங்குவதில் பெரும்பாலும் அப்படிக் கலக்கும் மாவு கோதுமை மாவு. அரிசி மாவு கலந்ததும் கடையில் கிடைக்கிறது. தங்கை வீட்டில் அந்த டப்பாதான். வீட்டில் அவ்வளவு கவனமாக இருப்பவளுக்கே மண்டபத்துக் கூட்டத்தில் அது நினைவுக்கு வரவில்லை. பிறகு எப்படி அந்தத் தம்பியைக் குறை சொல்வது? அவன் பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னான், அவ்வளவுதான்.

மறுநாள் அந்த மாஸ்டரைப் போனில் கூப்பிட்டேன். சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்திருப்பார். “டப்பாவுல என்ன போட்டிருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணே” என்றேன். ஐந்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். “ஆமாங்கம்மா, கோதுமை மாவுன்னுதான் போட்டிருக்கு. இருபத்தஞ்சு வருசமாப் போடறேன், இன்னிக்குத்தான் படிச்சேன்.” குரல் இறங்கியிருந்தது. எனக்கே பாவமாகப் போய்விட்டது.

பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் கோதுமை, பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா இருந்தால் அதை அட்டையில் தனியாகச் சொல்ல வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகளே சொல்கின்றன. அதாவது, விவரம் உங்கள் ஸ்டோர் ரூம் வரைக்கும் வந்துவிடுகிறது. பாக்கெட்டைப் பிரித்து அண்டாவில் கொட்டியதும் குப்பைக்குப் போய்விடுகிறது. நான் கேட்பது, அந்த அட்டைகளை அன்றைய பந்தி முடியும் வரை ஒரு பையில் போட்டு வையுங்கள் என்பதுதான். யாராவது வந்து கேட்டால், “இருங்க, பாத்துச் சொல்றேன்” என்று சொல்ல ஒரு ஆள் இருக்கட்டும்.

“ஐந்நூறு பேருக்கு ஐந்நூறு விதமாகச் சமைக்க முடியுமா?” என்பீர்கள். முடியாது, யாரும் அப்படிக் கேட்கவும் இல்லை. பருப்பு வெந்ததும், பெருங்காயமும் தாளிப்பும் விழுவதற்கு முன்னால், ஒரு தூக்குப் போசியில் எடுத்து மூடி வைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அந்தப் போசிக்கு ஒரு தனிக் கரண்டி. இந்தப் பழக்கம் உங்களுக்குப் புதிதும் இல்லை. கார்த்திகை மாதக் கல்யாணத்தில் மாலை போட்ட சாமிகள் வந்தால் பூண்டு, வெங்காயம் இல்லாமல் தனியாக எடுத்து வைக்கிறீர்கள். அதை யாரும் கேலி செய்வதில்லை, கூலி அதிகமும் கேட்பதில்லை. விரதத்துக்குச் செய்வதை வியாதிக்கும் செய்யுங்கள் என்கிறேன்.

போன சித்திரையில் என் மகன் கல்யாணம். தாலி கட்டியது கோயிலில், நெருங்கிய சொந்தம் மட்டும். வரவேற்பு ஏற்காட்டில், ஒரு காபித் தோட்டத்துப் புல்வெளியில். மொத்தம் 160 பேர். பந்தியும் வேண்டாம், மேடையும் வேண்டாம், அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். தட்டுவடை செட், குழிப்பணியாரம், தோசைக்கல், தக்காளி சாதம், தயிர் சாதம், பாயசம், காபி. இந்த மாதிரிக் கல்யாணம் இப்போது அதிகமாகிவிட்டது. ‘சிம்பிள்’ என்று பேர். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் இதுதான் சிக்கல். இலையில் இருபது வகை இருந்தால் நாலை ஒதுக்கினாலும் வயிறு நிறையும். ஏழே வகை வைத்து, அதில் ஐந்து ஒருவருக்கு ஆகாது என்றால், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த மனிதர் காபியைக் குடித்துவிட்டு இறங்க வேண்டியதுதான். அதோடு, ஏடாகூடமாக ஏதாவது ஆகிவிட்டால் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அதே 20 வளைவும் இறங்கியாக வேண்டும்.

அதனால் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பும்போதே ஒரு வரி சேர்த்தோம்: ‘சாப்பாட்டில் உங்களுக்கு ஆகாதது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.’ 19 பேர் பதில் போட்டார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை. மகனுடைய நண்பன் ஒருவனுக்கு வேர்க்கடலை பட்டால் தொண்டை வீங்கி மூச்சு முட்டும். டயாலிசிஸ் செய்துகொள்ளும் மாமா ஒருவர். என் வீட்டுக்காரரோடு வியாபாரம் செய்யும் சமணக் குடும்பம், ஆறு பேர். பாலும் நெய்யும் தொடாத பெங்களூர்ப் பெண் ஒருத்தி. பெரியப்பா மட்டும் ‘எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது’ என்று அனுப்பியிருந்தார். அதையும் எழுதிக்கொண்டோம்.

சமையல் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே மாஸ்டர்தான். இந்த முறை நோட்டோடு வந்தார். செக்குக் கடலை எண்ணெயில்தான் செய்வேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர், அந்தப் பையன் விஷயத்தைக் கேட்டதும், “அன்னிக்கு மட்டும் சூரியகாந்தி எண்ணெய் வெச்சுக்கலாங்கம்மா” என்றார். தட்டுவடையையும் வேர்க்கடலை சேர்க்காமல் சொல்லி வைத்துச் செய்ய வைத்தார். சட்னியிலும் அது இல்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். குருமாவுக்கு முந்திரி விலை கட்டவில்லை என்று சில இடங்களில் பாதி வேர்க்கடலையை அரைத்துப் போடுகிறார்கள். ருசியில் தெரியாது. ஆனால் மெனுவில் முந்திரி என்று பார்த்து நம்பிச் சாப்பிடுகிறவன் உயிரோடு விளையாடுகிற வேலை அது. மாற்றினால் மாற்றியதைச் சொல்லிவிடுங்கள், கோபம் வந்தாலும் பரவாயில்லை.

சமணர்கள் மண்ணுக்கடியில் விளைவதைச் சாப்பிட மாட்டார்கள். நம் தட்டுவடை செட்டோ பீட்ரூட், கேரட், வெங்காயம், பூண்டுச் சட்னி! மாஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, துருவிய மாங்காயும் வெள்ளரிக்காயும் வைத்து, பூண்டில்லாத புதினாச் சட்னி தடவி ஒரு செட் போட்டார். சித்திரை மாதம், சேலத்தில் மாங்காய்க்கா பஞ்சம்? கடைசியில் அந்தப் பக்கம்தான் வரிசை நீண்டது. அந்த வீட்டுப் பெரியவர்கள் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள் என்பதால் ஐந்தரை மணிக்கே அவர்களுக்குத் தட்டு போய்விட்டது.

தங்கை மகளுக்குத் தனித் தோசைக்கல். அதில் பரோட்டாவோ ரவா தோசையோ ஒரு தடவைகூடப் போடக் கூடாது என்று பேச்சு. பாயசத்தில் சேமியாவை எடுத்துவிட்டு வெறும் ஜவ்வரிசி. சுற்றிலும் மரவள்ளி விளைந்து, ஜவ்வரிசி ஆலைகள் ஓடுகிற மாவட்டத்தில் சேமியாவை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று தெரியவில்லை. (சர்க்கரைக்காரர்களுக்கு ஜவ்வரிசியும் ஆகாது. அது வேறு கதை.) பெங்களூர்ப் பெண்ணுக்காகத் தேங்காய்ப்பால் ஊற்றியதில் பாயசத்தைப் பற்றிய கவலையே போய்விட்டது.

டயாலிசிஸ் மாமாவுக்கு உப்பில்லாமல் கொஞ்சம் பருப்பும் வெறும் சோறும் எடுத்து வைத்தோம். பல் இல்லாத பாட்டிகளுக்கும் அந்தப் பருப்புதான். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமெடுக்கும். அதற்காக மாஸ்டர் இரண்டு மணி நேரம் முன்னாலேயே அடுப்பைப் பற்ற வைத்தார். வாசலில் எல்லாருக்கும் இளநீர் கொடுப்பதாக இருந்தோம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் ஆபத்து என்று மாமாவே சொன்ன பிறகு, கையில் திணிக்காமல் கேட்டுக் கொடுக்கச் சொன்னோம்.

சர்க்கரைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு ஒன்று 2023-இல் வந்தது. அதன்படி நாட்டில் வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஐந்நூறு இலை போட்டால் அதில் ஐம்பது இலையாவது அவர்களுடையது. அவர்களுக்குச் ‘சுகர்ஃப்ரீ’ ஸ்வீட் செய்து அசத்த வேண்டாம். நேரத்துக்குச் சோறு போட்டால் போதும். ஏழரைக்குச் சாப்பாடு என்று நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டவர், போட்டோ வரிசை நகரவில்லை என்று ஒன்பதரை வரை பந்திக்காகக் காத்திருந்தால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார். இது உங்கள் தப்பு இல்லை, எங்கள் தப்பு. ஆனால் பந்தி வாசலில் நிற்பது உங்கள் ஆள்தான். பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தால், “மாப்பிள்ளை வீட்ல சொல்லலீங்க” என்று திருப்பி அனுப்பாமல் ஒரு இலை போட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் சேர்த்து மாஸ்டர் கூடுதலாக வாங்கியது ஒரே ஒரு ஆள் கூலி. அந்த ஆள் எதையும் பரிமாறவில்லை. கையில் நோட்டோடு அடுப்புக்கும் கவுண்டருக்கும் நடுவில் நின்றான். எதில் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும் சொன்னான், தெரியாததை உள்ளே போய்க் கேட்டு வந்து சொன்னான். அது யார் தெரியுமா? இரண்டு வருடத்துக்கு முன்பு சாம்பார் வாளியோடு நின்ற அதே தம்பி. பாப்பாவைப் பார்த்ததும் அவனே கூட்டிக்கொண்டு போய்த் தோசைக்கல்லைக் காட்டினான்.

வரும் தையில் என் நாத்தனார் மகள் கல்யாணம். 700 இலை, சேலத்திலேயே. முன்பணம் கொடுக்க உங்களில் ஒருவரிடம் அடுத்த மாதம் வருவோம். எத்தனை இலை, எத்தனை ஸ்வீட் என்று எழுதுகிற பக்கத்துக்கு அடுத்த பக்கத்தை வெறுமையாக விட்டு வையுங்கள். யாருக்கு என்ன ஆகாது என்பதை நாங்கள் எழுதிக் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
அம்மாபேட்டையிலிருந்து ஒரு பெரியம்மா