டேவானுக்கு கேம் மிஷின் வாங்கப்போற நம்ப இளைஞர் மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மன்றத்து செயற்குழுவுல இருக்கற அண்ணன், தம்பி, தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம்.

மூனு நாளா குரூப்புல ஓடற சண்டைய நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். தீபாவளி கேரம் போட்டியில மிஞ்சின காசுல, டேவான் (நம்ப பொது மண்டபம்) பின்னால உள்ள வாசிப்பு ரூமுக்கு, கையில புடிச்சி வெளையாடற கேம் மிஷின் வாங்கலாம்னு முடிவு பண்ணீங்க, நல்ல முடிவு, அதுல எனக்கு பேச்சே இல்ல. எத வாங்கறதுங்கறதுலதான் வம்பு. தலைவர் தம்பி நிண்டெண்டோ கம்பெனியோட புது சுவிட்ச் 2 தான் வேணும்ங்கறாரு, தங்கச்சி ஒன்னு சுவிட்ச் லைட்ங்கற சின்ன மாடல்ல மூனு வாங்கினா மூனு புள்ள வெளையாடலாம்ங்குது, பொருளாளர் அண்ணன் "எல்லாம் ஒரே மிஷின்தான்லா, பேர மாத்தி மாத்தி விக்கறான், செகண்ட் ஹேண்ட்ல மொத மாடல் ஒன்னு கெடைக்குது, அத போடு, மிச்ச காசு சித்ரா பௌர்ணமி பந்தலுக்கு ஆகும்"னு வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. அந்த வாய்ஸ் மெசேஜுக்குத்தான் இந்த மடல். குரூப்புல எழுதினா நடுவுல யாராச்சும் பூ படம் போட்டு வாழ்க வளமுடன்னு மூடிடுவீங்க, அதான் தனியா எழுதறேன்.

நான் யாருன்னு தெரியாத சின்னவங்களுக்கு: சுங்கை சிப்புட் டவுன்ல ஹேண்ட்போன் ரிப்பேர் கடையில 12 வருசமா கவுண்டர்ல உக்காந்திருக்கற அக்கா. இந்த கேம் மிஷினுங்களும் எங்க மேசைக்கு வரும், தொறந்து பாத்திருக்கேன்.

எல்லாம் ஒரே மிஷின்னு சொல்றவங்களுக்கு எங்கப்பாவோட தலை லைட்டு கதைய சொல்லணும். அப்ப நாங்க எஸ்டேட் லயத்துலதான் இருந்தோம், ரப்பர் பால்மரத்த வெட்டிட்டு செம்பனை போடறதுக்கு முன்னால. எங்கண்ணன் ஈப்போவுல பேக்டரி வேலைக்கு போயி மொத மொத சேத்த காசுல அதே நிண்டெண்டோவோட கேம் பாய் அட்வான்ஸ் வாங்கிட்டு வந்துச்சு. அது 2001ல வந்த மாடல், 32 பிட் சிப்பு, கலர் படம், ரெண்டு பென்சில் பேட்ரி போட்டா 15 மணி நேரம் ஓடும், எல்லாம் சரி, ஆனா ஸ்கிரீன்ல வெளிச்சமே கெடையாது. ஒரு சொட்டு கூட. பகல்ல வாசப்படியில உக்காந்தா நம்ப மூஞ்சிதான் அதுல தெரியும், ராத்திரி நடு வீட்டு லைட்ட அம்மா ஒம்போது மணிக்கு அணைச்சிடும். நாங்க என்ன பண்ணோம், கம்பளிய தலையோட போத்திக்கிட்டு, அப்பா பால் வெட்ட போகும்போது நெத்தியில கட்டிக்கற லைட்ட எடுத்து அண்ணன் நெத்தியில கட்டி, அதுல வெளையாடினோம். லைட்டு நேரா அடிச்சா ஸ்கிரீன் பளபளன்னு வெள்ளையாயிடும், கொஞ்சம் சாச்சி புடிக்கணும், அதுக்கு நான் அண்ணன் தலைய ஒரு கையால புடிச்சி திருப்பிக்கிட்டே இருக்கணும். என் முறை வந்தா லைட்டு என் தலைக்கு.

ஒரு நாள் அப்படியே தூங்கிட்டோம். விடியகாத்தால அப்பா போயி மூனாவது நெரையில நிக்கும்போது லைட்டு செத்துப்போச்சு. பால் வெட்டற வீட்டுல பொறந்தவங்களுக்கு தெரியும், வெயில் ஏறுறதுக்கு முன்னால வெட்டினாத்தான் பால் நல்லா வடியும், அன்னைக்கு அவரு இருட்டுல மரத்துல சாஞ்சி விடியற வரைக்கும் நின்னிருக்காரு. எடை கொறஞ்சிப்போச்சு. வந்து அடிக்கல, திட்டல, மிஷின எடுத்து சாமி மேடைக்கு மேல வச்சிட்டாரு, ஒரு மாசம் முருகன்தான் வச்சிருந்தாரு.

அப்புறம் 2003ல அட்வான்ஸ் எஸ்பி வந்துச்சு. அண்ணன் பழச கொடுத்துட்டு மேல காசு போட்டு மாத்திட்டு வந்துச்சு. அதே சிப்பு, அதே ஸ்கிரீன் சைஸ், அதே கேம் கேசட்டு. மாத்தினது மூனே மூனு: பொட்டி மாதிரி மடியும், உள்ளயே லைட்டு, உள்ளயே சார்ஜ் பண்ற பேட்ரி. லைட்டு போட்டு 10 மணி நேரம், அணைச்சிட்டா 18 மணி நேரம். அண்ணன் நடுராத்திரி அத தொறந்து அப்பா கையில குடுத்துச்சு. அப்பா கொஞ்ச நேரம் உத்து பாத்துட்டு சொன்னாரு, "இத மொதல்லயே வச்சிருக்க வேண்டியதுதானடா?"

பொருளாளர் அண்ணே, பேப்பர்ல எழுதி பாத்தா ஒன்னும் மாறல. எங்க வீட்டுக்கு அது வேற மிஷின். புதுசு வந்தா அதுல எந்த கொறைய சரி பண்ணியிருக்கான், அந்த கொற நம்ப எடத்துல இருக்கறதா, அத மட்டும் பாருங்கன்னுதான் சொல்ல வர்றேன்.

இன்னொன்னும் இருக்கு, குடுக்கும்போதே ஏதாச்சும் ஒன்ன புடுங்கிக்குவாங்க. எஸ்பியில லைட்ட குடுத்து இயர்போன் ஓட்டைய எடுத்துட்டாங்க, அதுக்கு தனியா ஒரு அடாப்டர் வாங்கணும், வாங்க காசு இல்ல, அம்மாவுக்கு ராத்திரி பூரா டிங் டிங்குன்னு அதே பாட்டு. அதே கம்பெனியோட டிஎஸ் லைட் 2006ல ஸ்கிரீன் வெளிச்சத்துல அசத்துச்சு, எடையும் பழைய டிஎஸ்ஸோட 275 கிராம்ல இருந்து 218க்கு எறங்குச்சு, 2008ல டிஎஸ்ஐ வந்தப்ப கேமரா வச்சிட்டு பழைய அட்வான்ஸ் கேசட்டு போடற எடத்த அடைச்சிட்டாங்க. சோனி கம்பெனியோட பிஎஸ்பியும் அப்படித்தான், 2007 மாடல்ல 280 கிராம் 189 ஆச்சு, மெமரி 32 எம்பி 64 ஆச்சு, அப்புறம் 2009ல பிஎஸ்பி கோன்னு ஒன்னு விட்டாங்க பாருங்க, டிஸ்க் போடற எடமே இல்ல, அதுவரைக்கும் காசு குடுத்து வாங்கின டிஸ்க்க எல்லாம் எங்க போயி சொருகறது? எங்கண்ணன் இன்னைக்கு வரைக்கும் அத சொல்லி பொலம்பும்.

சரி, நம்ப கதைக்கு வர்றேன்.

அண்ணே, நீங்க சொல்ற மொத சுவிட்ச் 2017 மார்ச்ல வந்தது. ஸ்கிரீன் 6.2 இஞ்சி, உள்ள 32 ஜிபி, பேட்ரி ரெண்டர மணி நேரத்துல இருந்து ஆறர மணி நேரம், கேம பொறுத்து. 2019ல அதையே சத்தமில்லாம மாத்தினாங்க, பேரு அதே, பாக்கறதுக்கும் அதே, ஆனா நாலர மணில இருந்து 9 மணி நேரம் ஓடும். பேட்ரிய பெருசாக்கல, ரெண்டுலயும் பேட்ரி புடிக்கற அளவு அதே 4310 எம்ஏஎச்தான். உள்ள இருக்கற சிப்ப 20 நானோமீட்டர்ல (சிப்பு வேலைப்பாடு எவ்ளோ பொடிசுங்கற கணக்கு) செஞ்சிக்கிட்டு இருந்தத 16க்கு மாத்தினாங்க, அதே வேலைக்கு கரண்டு கொறச்சலா குடிக்குது, அவ்ளோதான். சாயந்தரம் மூனு மணிக்கு மேல இங்க இடி இடிக்காத நாள் எத்தன? இடி வந்தா டேவான் பிளக்க எல்லாம் புடுங்கிடறோம், கையில உள்ள பேட்ரிதான் சோறு போடணும். ரெண்டர மணிக்கும் நாலர மணிக்கும் நடுவுலதான் புள்ளைங்க சண்டை இருக்கு.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கறதுக்கு நான் எதிரி இல்ல, என் பொழப்பே பாதி அதுதான். ஆனா எது எந்த வருசம்னு பாக்காம வாங்காதீங்க. போன வருசம் ஒரு கடையில, பேரு வேணாம், பேட்ரி புதுசுன்னு சொல்லி என் மச்சான் கையில ஒன்ன கட்டி விட்டாங்க, தொறந்தா பேட்ரி லேசா ஊதியிருக்கு, பின் மூடி உள்ளருந்து தள்ளிக்கிட்டு நிக்குது. அந்த மாதிரி ஒன்னு வாசிப்பு ரூம் அலமாரியில கெடந்தா யாரு பொறுப்பு? திருப்பி முதுகுல பொடி எழுத்துல உள்ள நம்பர பாருங்க. எச்ஏசி-001ன்னு மட்டும் இருந்தா 2017 சாதி. பின்னால கூடவே (-01)ன்னு இருந்தா பேட்ரி நிக்கற சாதி. 

லைட் மூனு கேட்ட தங்கச்சிக்கு. உன் கணக்கு தப்பில்லம்மா, வெலையும் கொறைச்சல், 275 கிராம்தான், சின்ன கைக்கு நல்லா நிக்கும். வீட்டுக்கு ஒன்னுன்னா நானே அதத்தான் சொல்வேன். ஆனா அது டிவியில போடவே முடியாது, கண்ட்ரோலர் கழட்டவும் முடியாது. டேவான்ல எப்பவும் பத்து புள்ளைக்கு கொறையாது, மூனு வெளையாடும், ஏழு தோள்மேல ஏறி எட்டி பாக்கும். அத விட பெரிய தொல்ல கட்டவிரலால தள்ளற அந்த ஸ்டிக்கு. உள்ள என்னன்னா, ஒரு கார்பன் பட்டை மேல சின்ன தகடு ஒன்னு ஒரசிக்கிட்டே போகும், எங்க நிக்குதோ அத வச்சி மிஷின் தெச கண்டுபுடிக்கும், நாள்பட நாள்பட பட்டை தேஞ்சி தூசி சேந்து, யாரும் தொடாமலே பொம்ம தானா நடக்க ஆரம்பிச்சிடும். பேய் புடிச்சிருக்குன்னு ஒரு பாட்டி எங்க கடைக்கே எலுமிச்சம்பழத்தோட வந்துச்சு, நெசமாத்தான். பத்து புள்ள கொங்சி போட்டு, பங்கு வச்சி வெளையாடற எடத்துல அது சீக்கிரமே வரும். கழட்டற மாடல்ல அந்த ஒரு கண்ட்ரோலர மட்டும் ரிப்பேருக்கு அனுப்பலாம், லைட்ல ஸ்டிக்கு மிஷின் உடம்போட சேந்தது, முழுசா தூக்கிட்டு போகணும்.

இப்ப தலைவர் தம்பியோட சுவிட்ச் 2. 2025 ஜூன் 5ல வந்துச்சு, நல்ல மிஷின், பொய் சொல்ல மாட்டேன். ஸ்கிரீன் 7.9 இஞ்சி, 1080பி தெளிவு, நொடிக்கு 120 தடவ வரைக்கும் படம் மாத்தற 120 ஹெர்ட்ஸ், உள்ள 256 ஜிபி, கண்ட்ரோலர் காந்தத்துல டக்குன்னு ஒட்டிக்கும், அத மேசையில கவுத்து மௌஸ் மாதிரி தேய்க்கலாம், டிவியில 4கே, பழைய சுவிட்ச் கேமும் பெரும்பாலும் ஓடும். ஆனா நான் முன்னால சொன்ன மாதிரி நம்ப எடத்துக்கு வச்சி பாருங்க. பேட்ரி 5220 எம்ஏஎச், பெருசுதான், ஓடறது என்னமோ ரெண்டு மணில இருந்து ஆறர மணி நேரம், 2019 மாடல விட கொறைச்சல், ஏன்னா ஸ்கிரீனும் சிப்பும் அவ்ளோ குடிக்குது. எடை 534 கிராம், ஆறு வயசு புள்ள படுத்துக்கிட்டு புடிச்சா மூக்குல விழும். மெமரி கார்டு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்னு புது வகை மட்டும்தான் கேம் ஏத்த எடுத்துக்கும், நம்ப கையில இருக்கற சாதா கார்டு உதவாது. சில கேமுக்கு கடையில விக்கற கார்டுல கேமே இருக்காது, சாவி மட்டும்தான், மிச்சத்த இன்டர்நெட்ல எறக்கிக்கணும், நம்ப டேவான் இன்டர்நெட்ட பத்தி நான் எழுதி உங்க நேரத்த கெடுக்கல. இவ்ளோ காசு வாங்கிட்டு அந்த தேயற ஸ்டிக்குக்கு பதிலா ஒரசாம காந்தத்த வச்சி தெச கண்டுபுடிக்கற சென்சார் ஸ்டிக்காச்சும் வச்சானான்னா அதுவும் இல்ல, அதுல எனக்கு கொஞ்சம் கோவம்தான்.

நான் சொல்றது நடுவுல உள்ளது. 2021 அக்டோபர்ல வந்த சுவிட்ச் ஓலெட் மாடல் ஒன்னு, ஓலெட்னா ஒவ்வொரு புள்ளியும் தானே எரியற ஸ்கிரீன். உள்ள சிப்பு 2019 சாதிதான், பேட்ரி அதே நாலர மணில இருந்து 9 மணி, கேம் ஒன்னும் வேகமாயிடாது, அத எதிர்பாக்காதீங்க. ஆனா ஸ்கிரீன் 7 இஞ்சி, கருப்புன்னா கருப்பு, நம்ப டேவான் டியூப் லைட்டு வெளிச்சத்துல பக்கத்துல நிக்கற புள்ளைக்கும் கலர் மாறாம தெரியும். உள்ள 64 ஜிபி. மொத மாடல்ல பின்னால ஒரு ஓரத்துல நாக்கு மாதிரி ஒரு ஸ்டாண்டு இருக்கும், ஊதினா விழும், இதுல முதுகு அகலத்துக்கும் ஸ்டாண்டு, எந்த சாய்ப்புலயும் நிக்கும், நடுவுல நிறுத்தி ரெண்டு பக்க கண்ட்ரோலரயும் கழட்டி ஆளுக்கொன்னு குடுத்தா தனியா ஒன்னும் வாங்காம ரெண்டு பேரு வெளையாடலாம், மத்தவங்க சுத்தி உக்காந்து கத்தலாம். டிவியோட இணைக்க மிஷின சொருகற டாக்குல இன்டர்நெட் லேன் கேபிள் ஓட்டையும் வச்சிருக்காங்க, மொத மாடல்ல அதுக்கு தனியா அடாப்டர் வாங்கணும். ஆபீஸ் ரூம்ல இருந்து ஒரு கேபிள் இழுத்தா போதும், வைஃபை செவுத்துக்கு செவுரு செத்துப்போற கத இல்ல.

ஒன்னு மட்டும், வாங்கினதும் யாரும் ஆர்வத்துல ஸ்கிரீன் மேல உள்ள பிலிம உரிச்சிடாதீங்க. எங்க கடைக்கு வர்றவங்களுக்கு புதுசு கையில வந்தா மொத வேல அதுதான். இதுல கண்ணாடி ஒடஞ்சா செதறாம இருக்க கம்பெனியே ஒட்டின பிலிம் அது, இருக்கட்டும். அதுக்கு மேல சாதா பிலிம் ஒன்னு நானே ஒட்டித்தர்றேன், காசு வேணாம், டீ வாங்கி குடுங்க.

சாவி யாருகிட்ட, சார்ஜர் யாருகிட்டங்கறத நீங்களே பேசிக்குங்க, அதுல நான் தல விட்டா வீட்டுல சோறு கெடைக்காது, எங்க வீட்டுக்காரரும் செயற்குழுவுலதான் இருக்காரு.

ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு அந்த எஸ்பிய எடுத்துட்டு வர்றேன், இன்னும் லைட்டு எரியுது. பொருளாளர் அண்ணே, நீங்க பாத்து வச்சிருக்கற செகண்ட் ஹேண்ட் மிஷின அந்த ஆள்கிட்ட சொல்லி ஒரு நாளைக்கு வாங்கிட்டு வாங்க, எல்லாரும் முன்னால திருப்பி முதுகு நம்பர படிப்போம். (-01) இருந்து பேட்ரியும் ஊதாம இருந்தா, வெலைய பேசி வாங்கிக்குங்க, பந்தலுக்கு நானும் 50 வெள்ளி போடறேன்.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹேண்ட்போன் கடை அக்கா