தண்ணீர் வந்தால் மட்டும் போதுமா, வடிய வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு வருஷமும் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கிற நாளான ஜூன் 12 நெருங்கினால் மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்பது உங்கள் பத்திரிகையில் முதல் பக்கச் செய்தியாகிவிடுகிறது. வரட்டும், அந்தத் தண்ணீரை நம்பித்தான் நாங்கள் இருக்கிறோம். ஆனால் நான் தலைஞாயிறு பக்கம் கடைமடையில், அதாவது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், ஏழு மா (இரண்டேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல்) நிலத்தில் சம்பா செய்கிறவன். எங்களுக்கு ஆடி, ஆவணியில் தண்ணீர் வரவில்லையே என்ற கவலை என்றால், ஐப்பசி, கார்த்திகையில் வந்த தண்ணீர் போகவில்லையே என்ற கவலை. இந்த இரண்டாவது கவலையைப் பற்றி வயல் முழுகிய பிறகுதான் எல்லோரும் பேசுகிறார்கள். மழை விட்டு ஒரு மாதம் ஆனால் அந்தப் பேச்சும் நின்றுபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தப் பக்கம் வராதவர்களுக்கு எங்கள் நிலம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நிலம் தட்டைப் பலகை மாதிரி இருக்கும், கடல்மட்டத்தைவிட ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் உயரம்தான், சில இடத்தில் அதுகூட இல்லை. காவிரியின் கிளையான வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வரும் பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு எல்லாம் மேலே பெய்த மழையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு எங்களைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். நடுவில் வேதாரண்யம் கால்வாய் குறுக்கே கிடக்கிறது, ஒரு காலத்தில் உப்பு ஏற்றிய தோணிகள் நாகப்பட்டினம் வரை போன கால்வாய் அது. கடலில் ஓதம், அதாவது கடல் ஏற்றம், ஏறி நின்றால் ஆற்றுத் தண்ணீர் வெளியே போகாது, உப்புத் தண்ணீர்தான் உள்ளே ஏறும். அதைத் தடுக்கத்தான் கடைமடையில் ரெகுலேட்டர், அதாவது ஷட்டர் வைத்த மதகு, கட்டியிருக்கிறார்கள். வத்தம் விடுகிற, அதாவது கடல் இறங்குகிற, சில மணி நேரத்தில் ஷட்டரைத் தூக்கினால் வெள்ளம் ஓடும், அந்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த வத்தம் வரை வயலில் தண்ணீர் நிற்கும். எங்கள் வெள்ளத்துக்கு மழை பாதிக் காரணம் என்றால் இந்த வடியாமை மீதிப் பாதி.

2020 டிசம்பரில் புரெவி புயல் வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் காற்று பெரிதாக இல்லை, மழைதான் விடாமல் பெய்தது. கார்த்திகைப் பௌர்ணமி கழிந்து மூன்று நாள்கூட ஆகவில்லை, ஓதம் பெரிதாக இருக்கிற சமயம். ஆறுகாட்டுத்துறையில் எனக்குத் தெரிந்த மீனவத் தம்பி ஒருவர் போன் போட்டு, "அண்ணே, ராத்திரி ரெண்டு மணி சுமாருக்கு வத்தம் விடும், அப்பத் தொறந்துட்டா ஓடிடும், விடிஞ்சா தாங்காது" என்றார். நாங்கள் பத்துப் பேர் டார்ச் லைட்டோடு ஷட்டருக்குப் போனோம். அதைத் தூக்க வேண்டிய மதகுக் காவலரான லஸ்கர் வேறொரு இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்லவே மாட்டேன், ஐந்தாறு மதகுக்கு ஒரே ஆள் என்றால் அவர்தான் என்ன செய்வார். கைப்பிடியும் அவரிடம்தான் இருந்தது. அவர் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தபோது மணி ஐந்து, இரண்டு கதவு உப்புக்காற்றில் துருப்பிடித்து அசையவே இல்லை, மூன்றாவது அரை அடி ஏறியதோடு நின்றுவிட்டது. அதற்குள் ஓதம் திரும்பி ஏற ஆரம்பித்துவிட்டது.

ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. பொதி பிடிக்கப் போகிற, அதாவது கதிர் உள்ளே உருவாகப் போகிற பயிர். முழுகிய பயிர் பிழைக்குமா என்று பார்க்க நாங்கள் நடுக் குருத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்ப்போம், பிடிமானம் இருந்தால் பிழைக்கும். எட்டாம் நாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நான் இழுத்த குருத்தெல்லாம் கையோடு வந்தது, அடிப்பாகம் பழுப்பாகி அழுகின வாடை அடித்தது. வரப்பில் நின்றிருந்த என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை, என் கையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்துவிட்டாள்.

இது எனக்கு மட்டும் நடந்தது இல்லை. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் கொட்டியது, 2022 நவம்பரில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர். இனிமேல் மழை இப்படித்தான் மொத்தமாகக் கொட்டும் போலிருக்கிறது. மழையை நாம் நிறுத்த முடியாது, ஆனால் அது எத்தனை நாளில் வடிகிறது என்பது நம் கையில் இருக்கிற விஷயம். மூன்று நாளில் வடிந்தால் யூரியா, பொட்டாஷ் போட்டுப் பயிரைத் தேற்றிவிடலாம், பத்து நாள் ஆனால் ஒன்றும் மிஞ்சாது.

வருஷா வருஷம் தூர்வாருகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வேலை ஜூன் 12-ஐக் கணக்கு வைத்து நடக்கிறது. பாசன வாய்க்கால்தான் முதலில், பெரிய வாய்க்கால்களான ஏ, பி-யில் ஆரம்பித்து சின்ன வாய்க்கால்களான சி, டி வரை வருவதற்குள் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். வடிகால்கள் பெரும்பாலும் அப்படியே கிடக்கின்றன. சித்திரை, வைகாசியில் வாரின வடிகாலிலும் புரட்டாசிக்குள் ஆகாயத்தாமரை கரைக்குக் கரை மூடிக்கொள்கிறது, ஓரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் மேலே எத்தனை கிலோமீட்டர் வாரியும் பிரயோஜனம் இல்லை. பாசனத்துக்கு மேலிருந்து கீழே வாருவது சரி. வடிகாலைக் கடலில் ஆரம்பித்து மேல்நோக்கி வார வேண்டும், அதையும் ஆவணி, புரட்டாசியில் செய்ய வேண்டும். இதற்குத் தனியாக நிதியும் தேதியும் வேண்டும், பாசன வேலையில் மிஞ்சின பணத்தில் செய்கிற வேலையாக இது இருக்கக் கூடாது.

ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வெண்ணாறு பகுதிக்கு 2016-இல் ஒரு பெரிய திட்டம் ஒப்புதலாகி, நான் மேலே சொன்ன ஆறுகளின் கரையைப் பலப்படுத்தினார்கள், பழைய ரெகுலேட்டர்களை மாற்றிக் கட்டினார்கள். நல்ல வேலை, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் புது ஷட்டரையும் உப்புக்காற்று தின்னத்தான் செய்யும். மழைக்காலத்துக்கு முன்னால் கிரீஸ் போட்டு ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும், ஐப்பசி முதல் மார்கழி வரை ஒவ்வொரு ரெகுலேட்டருக்கும் ராத்திரியும் பகலும் ஆள் இருக்க வேண்டும். அந்தந்த ஊரில் இரண்டு பேருக்குப் பழக்கி, மூன்று மாதச் சம்பளம் கொடுத்தால் போதும். அவர்களில் ஒருவர் மீனவராக இருந்தால் இன்னும் நல்லது, ஓத நேரம் அவர்களுக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது.

அப்புறம் கரையோரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேதாரண்யம் பக்கம் நாலுவேதபதியில் 2002-இல் ஊரே கூடி ஒரே நாளில் 80,244 கன்று நட்டு கின்னஸில் இடம்பிடித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து சுனாமி வந்தபோது அந்த மரங்கள்தான் ஊரைக் காப்பாற்றின என்று இன்றைக்கும் சொல்வார்கள். 2018-இல் கஜா புயல் அடித்தபோது இந்தப் பக்கம் தென்னையும் சவுக்கும் வரிசை வரிசையாகச் சாய்ந்ததையும் கண்ணால் பார்த்தோம். மரம் வேண்டும், ஆனால் மரம் மட்டும் போதாது. மரங்களுக்கு முன்னால் கடலோரத்தில் அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்து தானாக எழும்பிய மணல்மேட்டை யாரும் தொடாமல் விட வேண்டும். அந்த மேட்டைத் தட்டி மட்டமாக்கிக் கட்டடம் எழுப்புவதும், வடிகாலின் ஓரத்தை மறித்து இறால் குட்டை வெட்டுவதும் நிற்கவில்லை என்றால் நாங்கள் வாரிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

விதை விஷயமும் இருக்கிறது. சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் ரகம் இளம்பயிராக இருக்கும்போது இரண்டு வாரம் வரை முழுகினாலும் தாங்கும், ஆனால் நேரடி விதைப்பு சமயத்தில் கேட்கிற அளவு கிடைப்பதில்லை. கட்டிமேடு நெல் ஜெயராமன் பரப்பிய பாரம்பரிய ரகங்களில் ஒன்றான காட்டுயானம் ஆள் உயரம் வளர்ந்து வெள்ளத்துக்கு நிற்கும். பள்ளக்கால் நிலத்துக்காவது இந்த விதைகளை ஆடிக்குள் கொண்டுவந்து கொடுக்கலாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் புரட்டாசியிலேயே உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி வையுங்கள். தலைஞாயிற்றிலிருந்து வடிகால் ஓரமாகவே முகத்துவாரம் வரை நடந்து, எந்த இடத்தில் செடி அடைத்திருக்கிறது, எந்த ஷட்டர் ஏறவில்லை, எங்கே மணல் மூடியிருக்கிறது என்று ஊர் பெயரோடு எழுதட்டும். நான் கூடவே வருகிறேன். நடக்க முடியாத இடத்துக்கு அந்த மீனவத் தம்பி வள்ளம் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
தலைஞாயிறு வட்டாரம், நாகப்பட்டினம் மாவட்டம்.