பாலில்லாத மைலோ

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடைபெறும் இந்நாட்களில், எங்கள் ஊர் மைதானத்தில் மரதன் ஓடி முடித்த சிறுவன் ஒருவன் குளிர்ந்த மைலோவைக் குடித்துவிட்டு, கடைசிச் சொட்டும் நாக்கில் விழும்வரை கடதாசிக் கோப்பையை முகத்தின் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். என் பிள்ளைகளும் அதே இடத்தில் அப்படி நின்றவர்கள்தான். ஆகவே அந்தப் பானத்தைப் பழிப்பது என் நோக்கமன்று; அதை நாம் மருந்தாக்கி வைத்திருப்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

சென்ற வருடம் என் தாயார் நீரிழிவினால் ஏற்பட்ட கால் புண்ணுக்காக ஒரு வாரம் வைத்தியசாலை விடுதியில் இருந்தார். பார்க்க வந்தவர்கள் மைலோ, நெஸ்டமோல்ட், ஹோர்லிக்ஸ், விவா என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்ததில், கட்டிலருகே இருந்த சிறிய அலுமாரி நிறைந்து, மீதிப் பொதிகள் கட்டிலுக்குக் கீழே போயின. பொதிகளின் பின்புறத்தில் சீனி என்று அச்சிட்டிருப்பதை எவரும் வாசிக்கவில்லை. "நோயாளியப் பார்க்க வெறுங்கையோட வரலாமா மகள்?" என்று கேட்ட மாமிக்கு நானும் பதில் சொல்லவில்லை.

மைலோவை 1934ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் தோமஸ் மெய்ன் என்பவர் உருவாக்கியபோது, பொருளாதார மந்தத்தால் போசாக்குக் குறைந்திருந்த பிள்ளைகளே அவர் எண்ணத்தில் இருந்தார்கள். பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்திப் பெறும் மோல்ட்டுடன் பால்மாவும் கொக்கோவும் சீனியும் சேர்ந்த அந்தத் தூள், அங்கே பெரும்பாலும் பாலில் கலந்தே குடிக்கப்படுகிறது. நம் வீடுகளிலோ, இரண்டு தேக்கரண்டி தூளைச் சுடுநீரில் கரைத்து, போதாதென்று மேலும் ஒரு கரண்டி சீனி போட்டு, "சத்துக்குக் குடி" என்று நீட்டுகிறோம். 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. அந்த வரிசை போன பின்பும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

இத்தனைக்கும் நாம் இருப்பது பால் இல்லாத ஊரிலா? மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் மாட்டுப்பட்டிகளில் கறக்கும் பாலுக்குத் தகுந்த விலை கிடைப்பதில்லை என்று பண்ணையாளர்கள் குறைப்பட்டுக்கொண்டிருக்க, வாவிக்கு இக்கரையில் நாம் தூளைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பானத்துக்குப் பெயர் தந்த மைலோ, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் குரோட்டன் நகரில் வாழ்ந்த கிரேக்க மல்லன். ஒரு கன்றை நாள்தோறும் தோளில் சுமந்து, அது காளையாக வளர்ந்த பின்னும் சுமந்தானாம். கதையாகவே இருக்கட்டும், அவனுக்குப் பலம் வந்தது சுமந்ததனால் என்றுதான் அந்தக் கதையும் சொல்கிறது.

விளையாட்டுப் போட்டிகளை ஒழுங்கு செய்யும் அதிபர்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த போட்டிக்கு அருகிலுள்ள பண்ணையாளரிடம் பால் வாங்கி, காய்ச்சி ஆறவைத்து, சீனி சேர்க்காமல் அதே தூளைக் கலந்து ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள், பையில் எதை வைப்பது என்று முதலில் வீட்டாரிடம் கேட்டுவிட்டுப் போகலாம். என் தாயாருக்கு அப்போது தேவைப்பட்டது கால் கழுவ ஒரு சிறிய வாளி.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
களுவாஞ்சிக்குடி.