பிழை திருத்துறவரைத் தேடுற விளம்பரத்துலயே பிழை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பத்திரிகையோட வரி விளம்பரப் பக்கத்துல ஒரு பதிப்பகம் ஆள் கேட்டு விளம்பரம் குடுத்திருந்தாங்க, பேர் வேணாம், அதுல இருந்தத மட்டும் அப்படியே எழுதுறேன்: "பிழைத் திருத்துனர் தேவை. ஒரு ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. இலக்கணபிழை இன்றி எழுத தெரிந்தவர்களிடமிருந்து விண்ணப்பங்கள் வரவேற்க்கப்படுகிறது."

நான் இருபது வருஷத்துக்கு மேல திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கம் பதிப்பகங்களுக்கு ப்ரூஃப் பாத்துக் குடுக்குறவ. படிச்சதும் கை தானா சிவப்புப் பேனாவ எடுத்துடுச்சு. பிழையைத் திருத்துறவர்ங்கிற அர்த்தத்துல 'ஐ' மறைஞ்சு நிக்குது, இரண்டாம் வேற்றுமைத் தொகை, அங்க வல்லினம் மிகாது, அதாவது நடுவுல த் வராது, 'பிழை திருத்துநர்'னுதான் வரணும். 'ஐ' வெளிய தெரிஞ்சாதான் 'பிழையைத் திருத்து'ன்னு த் வரும். 'னர்' போட்டத நான் பெரிய குத்தமா சொல்ல மாட்டேன், நிறைய பேர் அப்படித்தான் எழுதுறாங்க, ஆனா பெறுநர், அனுப்புநர்னு எழுதுற அதே கை இங்கயும் 'நர்' போட்டா நல்லது. ஒரு ஆண்டு இல்ல, ஓராண்டு. இலக்கணப்பிழை, எழுதத் தெரிந்தவர், ரெண்டுலயும் ஒற்று விட்டுப்போச்சு. விண்ணப்பங்கள்னு பன்மை போட்டா படுகின்றனன்னுதான் முடியணும், அதுக்கு 'விண்ணப்பிக்கலாம்'னு ஒரே வார்த்தையில முடிச்சிருந்தா இந்தத் தப்புக்கே இடம் இல்ல.

இதுல எனக்கு ரொம்ப வலிச்சது அந்த 'வரவேற்க்க'. தமிழ்ல ய், ர், ழ் இந்த மூணு எழுத்துக்குப் பின்னாடிதான் புள்ளி வச்ச இன்னொரு மெய் ஒட்டி நிக்கும், வாய்க்கால், பார்த்தான், வாழ்க்கை மாதிரி. 'ற்'க்குப் பின்னாடி நிக்கவே நிக்காது. இத ஒரு தடவ மனசுல வாங்கிட்டா பயிற்ச்சி, முயற்ச்சி, மேற்க்கண்ட எதுவுமே கையில வராது.

சரி, விஷயம் புரிஞ்சா போதாதான்னு கேப்பாங்க. அந்த நம்பருக்கு போன் போட்டு நான் மெதுவா எடுத்துச் சொன்னப்பவும் இதேதான் பதில், "விளம்பரம்தானேம்மா". மளிகைக் கடைக்கு ஆள் எடுக்குற விளம்பரமா இருந்தா நானும் வாயத் தொறந்திருக்க மாட்டேன். இது பிழை பாக்குற வேலைக்கே ஆள் எடுக்குற விளம்பரம் சார். ஒரு ஒற்று மாறுனா அர்த்தமே மாறுற மொழி இது, 'வேலை கொடு'ன்னா உத்தியோகம் குடு, 'வேலைக் கொடு'ன்னா முருகன் கையில இருக்குற வேலக் குடு.

நானே இந்தக் கடிதத்த பேச்சுத் தமிழ்லதான் எழுதுறேன், அது தப்பே இல்ல, பேசுற மாதிரி எழுதுறதுக்கு அதுக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. எழுத்துத் தமிழ்ல எழுதுறோம்னு இறங்கிட்டு அதோட ஒழுங்க விடுறதத்தான் சொல்றேன்.

என் அண்ணன் பொண்ணு இந்த வருஷம் எம்.ஏ. தமிழ் முடிச்சிருக்கா. அந்த விளம்பரத்தப் பாத்து விண்ணப்பம் எழுதி எங்கிட்ட காட்டுனா, பொருள்னு போட்டு 'பிழைத் திருத்துனர் பணிக்கு விண்ணப்பம்'னு எழுதியிருந்தா. ஏன்டி த் போட்டன்னு கேட்டா, "பதிப்பகமே அப்படித்தான் போட்டிருக்காங்க அத்தை, அவங்களுக்குத் தெரியாதா"ங்கிறா. நான் விளக்குனதும் புரிஞ்சுது, ஆனா உடனே அடுத்த கேள்வி கேட்டா பாருங்க: "நான் சரியா எழுதி, படிக்கிறவங்க அதத் தப்புன்னு நெனச்சு தூக்கிப் போட்டுட்டா?" எனக்கு டக்குனு பதில் வரல.

இன்னொண்ணு, வேலை என்னன்னே நிறைய விளம்பரத்துல தெரியறதில்ல. 'எடிட்டர் தேவை'ன்னு மட்டும் போட்டா இந்த ஊர்ல வடபழனி, சாலிகிராமத்துல இருந்து வீடியோ எடிட்டருங்கதான் போன் பண்ணுவாங்க, 'ஆசிரியர் தேவை'ன்னா பி.எட். முடிச்சவங்க வந்து நிப்பாங்க. ப்ரூஃப்னா மூலத்தோட ஒப்பிட்டு அச்சுப்பிழை பாக்குறது, எடிட்டிங்னா வாக்கியத்தப் பிரிச்சுச் சேர்த்து, தகவல் சரியான்னு பாத்து, தேவைப்பட்டா எழுத்தாளர்கிட்டயே உக்காந்து பேசுறது. ரெண்டும் வேற வேற வேலை, கூலியும் வேற. இத விட்டுட்டு 'துடிப்பான, ஆர்வமிக்க இளைஞர்களை எங்கள் குழு தேடிக்கொண்டிருக்கிறது'ன்னு எழுதுறாங்க, மாசச் சம்பளமா பக்கத்துக்கு இவ்வளவா, அதையும் காணோம். ஜனவரி புத்தகக் காட்சிக்கு முன்னாடி ரெண்டு மாசம் எல்லாருக்கும் அவசரமா ஆள் வேணும், அப்பதான் இந்த மாதிரி விளம்பரம் குவியுது.

உங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான். விளம்பரதாரர் எழுதிக் குடுத்தத மாத்த முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா கல்யாணத் தேதி ரெண்டு இடத்துல ரெண்டு மாதிரி இருந்தா ரசீது போடுறவங்க கேப்பாங்க இல்லயா, அதே மாதிரி எழுத்து சம்பந்தப்பட்ட வேலை விளம்பரத்த மட்டுமாவது உங்க உதவி ஆசிரியர் ஒருத்தர் பாத்து, இங்க தப்பு இருக்கு, திருத்திப் போடலாமான்னு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க.

அண்ணன் பொண்ணு விண்ணப்பத்த திங்கக்கிழமை அனுப்புறா. 'பிழை திருத்துநர்'னு எழுதித்தான் அனுப்புறா.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை